கிளைக்கதை வழியே பண்பாட்டு உரையாடல்: மாணவர் குழுவுக்கான செய்முறை

ட்வைன் (Twine), வாசிப்பவரின் தெரிவுக்கேற்பப் பிரிந்து செல்லும் கிளைக்கதைகளை உருவாக்க உதவும் இலவச மென்பொருள். நிரல் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். நீங்கள் கற்கும் மொழியில் நடக்கும் ஒரே ஒரு சூழலை எடுங்கள்: அழைப்பை மறுப்பது, ஆசிரியரிடம் அவகாசம் கேட்பது போல. கிளைகளை முதலில் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு நிலையிலும் 3 தெரிவுகள் என 4 நிலைகளுக்குப் பிரிந்தால் 81 முடிவுகள் வந்து நிற்கும். ஆகவே 2ஆம் நிலையிலேயே கிளைகளை ஒன்றுசேர்த்துவிடுங்கள்.

தெரிவுகளை எழுதுவதில்தான் பாதி நேரம் போகும், போகட்டும். மூன்றுமே இலக்கணப் பிழையற்று இருக்கவேண்டும்; பணிவும் நேரடித்தன்மையும் மட்டும் மாறட்டும். ஒன்று அப்பட்டமான முரட்டுத்தனம் என்றால் வாசிப்பவர்கள் யோசிக்காமலே சரியானதைத் தொட்டுவிடுவார்கள். பொருந்தாததைத் தொட்டால் ‘தவறு’ என்று காட்டாதீர்கள்; எதிரிலிருப்பவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வதைக் காட்டுங்கள், காரணம் பிறகு வரட்டும். ‘அந்நாட்டவர் இப்படித்தான்’ என்ற வரியை நீக்கி, பாத்திரத்துக்கு வயது, உறவு, அவசரம் கொடுங்கள்.

அம்மொழி பேசும் இருவரிடமாவது சோதியுங்கள். ஒருவர் கருத்து அவர் வீட்டுப் பழக்கமாகவும் இருக்கலாம். இணையப் பதிப்பில் செய்தால் கதை உலாவியில்தான் சேமிக்கப்படும்; உலாவித் தரவை அழித்தால் அதுவும் போய்விடும். அன்றன்றே கோப்பாக இறக்கி வையுங்கள்.