ஃபைட்டர் மீனுக்குத் துணை சேர்ப்பது எப்படி? நம்ம ஊர்த் தண்ணியில் ஒரு சின்ன மீன்தொட்டி

முதன்முதலில் ஃபைட்டர் வாங்கப் போனபோது கூடவே நாலு கப்பி மீனும் எடுத்துக்கொண்டேன். “ஒண்ணும் பண்ணாதுங்ணா, தைரியமா வுடுங்க” என்றார் கடைக்காரர். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு கப்பிக்கு வாலே இல்லை. ஆண் கப்பியின் அகன்ற வண்ண வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு அது இன்னொரு ஃபைட்டர் மாதிரித்தான் தெரியும். அந்த விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஃபைட்டரைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும் என்றில்லை. ஆனால் எதை, எந்த வரிசையில், எந்தத் தண்ணியில் விடுகிறோம் என்பது முக்கியம். நம் கொங்குப் பக்கத்தில் தண்ணிதான் முதல் கேள்வி.

படி 1: தொட்டி

துணை மீன்களோடு வளர்க்க 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி வாங்குங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால் கிட்டத்தட்ட 50 லிட்டர் தண்ணி நிற்கும். “இத்தினியூண்டு மீனுக்கு இத்தாப்பெரிய பொட்டியா கண்ணு?” என்று எங்கள் அமுச்சி (பாட்டி) கேட்டது போல உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். தொட்டி சிறியதாக இருந்தால் துரத்தப்படும் மீனுக்கு ஓட இடம் இருக்காது, அவ்வளவுதான் காரணம். தண்ணி, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 65, 70 கிலோ வரும். டிவி ஸ்டாண்ட் தாங்காது. நேர் வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம்.

மூடி கட்டாயம். ஃபைட்டர் துள்ளும். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். இந்த மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும்.

படி 2: எந்தக் குழாய்த் தண்ணி?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் வீடுகளில் இரண்டு தண்ணி உண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. கோவையில் சிறுவாணி வரும் வீடுகளில் நல்ல தண்ணி மிக மென்மையானது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பல போர்வெல்களில் வருவது அதற்கு நேர் எதிர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணி.

வீட்டில் ஆர்.ஓ. மாட்ட வந்தவர் காட்டிய, தண்ணியில் கரைந்திருக்கும் உப்பின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் நினைவிருக்கிறதா? அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணி 1,400 காட்டியது, நல்ல தண்ணி 90. நாலு பங்கு நல்ல தண்ணிக்கு ஒரு பங்கு போர் தண்ணி கலந்தால் 350 பக்கம் வருகிறது. கீழே சொல்லப்போகும் மீன்கள் எல்லாவற்றுக்கும் அது ஒத்துப்போகிறது. வெறும் ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் தாது உப்பே இருக்காது, நத்தை ஓடு கரைந்துபோகும்.

அடுத்தது குளோரின். தண்ணி விட்ட அன்றே பிடித்து ஊற்றுவது பெரிய தப்பு. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குச் சொட்டு விடுங்கள்.

படி 3: உள்ளே என்ன வைப்பது

கீழே மெல்லிய மணல், இரண்டு அங்குலம். நன்றாகக் கழுவிய ஆற்று மணலே போதும். தண்ணியை மெதுவாக இழுத்து வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும், அதை ஓட்ட ஒரு ஏர் பம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். தாய்லாந்து பக்கத்து நெல்வயல், சதுப்பு போன்ற தேங்கிய தண்ணியில் பிறந்த இனம் ஃபைட்டர். வேகமான ஓட்டம் இதற்கு ஆகாது. செடியில் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் சாகவே சாகாத ரகம். வேரை மணலில் புதைக்காமல் கல்லில் கட்டி விடுங்கள்.

தெருவோரம் நிற்கும் நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலை இரண்டைப் பொறுக்கி, கழுவிப் போடுங்கள். தண்ணி டீ நிறத்துக்கு வரும், ஃபைட்டருக்கு அது இதமானது. சாலைப் புகை படியும் மரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். மார்கழி, தை இரவுகளுக்கு 50 வாட் ஹீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரி தொடும்போது பிரச்சினை தலைகீழ். அப்போது மூடிக்குப் பதில் கொசுவலையைக் கட்டி, தண்ணி மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

படி 4: மீன் இல்லாத ஒரு மாதம்

பொறுமை சோதிக்கும் படி இது. மீனின் கழிவில் இருந்து மீனுக்கே விஷமான அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இருக்காது. அதனால் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும், பாக்டீரியா பெருகும். நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தண்ணியைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறி, இறங்கி, அப்புறம் நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கும். இரண்டும் பூஜ்ஜியம் காட்டி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். நடுவில் தண்ணி பால் மாதிரி கலங்கினால் பயப்படாதீர்கள், தானே தெளியும்.

மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சை உங்கள் தொட்டித் தண்ணிக்குள் பிழியச் சொல்லுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பல நாள் மிச்சம்.

படி 5: துணை மீன்கள் முதலில், ஃபைட்டர் கடைசியில்

ஃபைட்டரை முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன் வீடு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் வருபவர்கள் எல்லாம் அத்துமீறியவர்கள். அதனால் துணைகளை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து ஃபைட்டரை விடுங்கள்.

நடுத் தண்ணிக்கு எட்டு எம்பர் டெட்ரா அல்லது ஆறு ஹார்லெக்வின் ரஸ்போரா. ஏதாவது ஒன்றுதான். கூட்டமாக இருந்தால்தான் இவற்றுக்குத் தைரியம். அடித் தரைக்கு ஐந்து கூலி லோச். பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், குட்டிப் பாம்பு போல நெளியும், நம் ஊர்ச் சூட்டையும் தாங்கும். பாண்டா கோரி அழகுதான், ஆனால் அது குளிர்ந்த தண்ணி மீன். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன இரண்டு நெரைட் நத்தை. செர்ரி இறால் விட்டால் குட்டிகளை ஃபைட்டர் தின்றுவிடும் என்று தெரிந்தே விடுங்கள்.

வேண்டவே வேண்டாதவை: இன்னொரு ஃபைட்டர் (பெண்ணாக இருந்தாலும்), கப்பி, குராமி, துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப், கோல்ட்ஃபிஷ். கடையில் ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று தலையில் கட்டும் சக்கர் மீனும் வேண்டாம். அது ஒரு அடிக்கு மேல் வளரும்.

ஃபைட்டர் வாங்கும்போது விரலைக் கண்ணாடி அருகே நகர்த்திப் பாருங்கள், திரும்பிப் பார்க்க வேண்டும். துடுப்பு ஒட்டிக்கொண்டோ, உடம்பில் வெள்ளைப் புள்ளியோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, நடுநடுவே தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணி தொட்டிக்குள் போகக் கூடாது.

படி 6: தினசரி

ஃபைட்டருக்குக் காலை, மாலை மூன்று நாலு குருணைத் தீனி போதும். வாரம் ஒரு நாள் பட்டினி. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணியை மாற்றுங்கள், அதே கலவையில். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணியிலேயே அலசுங்கள், இல்லையென்றால் பாக்டீரியா செத்து, ஒரு மாத உழைப்பு சாக்கடையோடு போகும். கரண்ட் போனால் ஃபைட்டர் சமாளிக்கும், டெட்ராக்கள் திணறும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

முதல் வாரம் மாலையில் உட்கார்ந்து கவனியுங்கள். செவுளை விரித்து முறைப்பது சகஜம். விடாமல் துரத்திக் கடித்தால் ஃபைட்டரை இரண்டு நாள் வேறு டப்பாவில் வைத்து, செடி, கல் எல்லாவற்றையும் இடம் மாற்றி, மறுபடி விடுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் அவனுக்குத் தனித் தொட்டிதான். கப்பி வாலைக் கடித்த என் ஆசாமி அப்படிப்பட்டவன். ஒரே ஒரு நத்தையோடு இரண்டு வருடம் இருந்தான். அந்த நத்தையையும் தினமும் காலையில் ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் தீனிக்கு வருவான்.