லோரோங் கூலிட்டில் ஜாஸ் தட்டு வாங்கப் போகிறவருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போவது எனக்கு 15 வருடப் பழக்கம். தரையில் விரித்த தார்ப்பாயில் ஓடாத கடிகாரம், துருப்பிடித்த ஸ்பேனர் இவற்றுக்கு நடுவே எங்காவது இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். அங்கேதான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு ப்ளூஸ் தட்டு. உறையில் ‘நம்பர் 1’ என்று தங்க நிற ஸ்டிக்கர். “அமெரிக்கா நம்பர் ஒன், அண்ணே” என்றார் கடைக்காரர். 90 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி மாட்டிப் பார்த்தால், ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் ‘ப்ளூஸ் பட்டியல்’.

அதனால் முதலில் எந்த விற்பனைப் பட்டியல் என்று பாருங்கள். அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்ட் போடும் ‘பில்போர்ட் 200’ பட்டியலில் எல்லா வகை இசையும் ஒன்றாக மோதும். ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ப்ளூஸ் பட்டியல் 1995-இல்தான் வந்தது. பிரிட்டனில் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். தனிப்பட்டியலில் முதலிடம் என்பது தாமான் (குடியிருப்பு) ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு மாதிரி. பரிசு பரிசுதான், மலேசிய மாநிலங்கள் மோதும் சுக்மா போட்டியில் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பெரிய பட்டியலையே பிடித்த ப்ளூஸும் இருக்கிறது: எரிக் கிளாப்டனின் ‘ஃப்ரம் த க்ரேடில்’ 1994-இல் பில்போர்ட் 200-இல் முதலிடம். 2000-இல் அவர் பி.பி. கிங்கோடு சேர்ந்து செய்த ‘ரைடிங் வித் த கிங்’ மூன்றாமிடம்.

நிறைய விற்ற ஆல்பத்துக்குக் கொடுக்கும் ‘கோல்ட்’ முத்திரையிலும் நாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் அதற்கு 5 லட்சம் ஆல்பம் போக வேண்டும். பிரிட்டனில் 1 லட்சம் போதும்.

அப்புறம் வருடம். 1991 மே மாதம் வரை கடைகள் சொன்னதை வைத்துத்தான் பில்போர்ட் பட்டியல் போட்டது. அதன்பிறகுதான் கல்லாவில் ஸ்கேன் ஆன எண்ணிக்கை. 2014 டிசம்பரிலிருந்து ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் பாட்டுகள் 1,500 முறை ஓடினால் ஓர் ஆல்பம் விற்ற கணக்கு. அந்தக் கால இரண்டாமிடத்தையும் இந்தக் கால இரண்டாமிடத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஜாஸ் மெதுவாகத்தான் ஏறும். ஸ்டான் கெட்ஸும் சார்லி பேர்டும் வாசித்த ‘ஜாஸ் சம்பா’ 1962-இல் வெளிவந்து, அடுத்த வருடம் மார்ச்சில்தான் முதலிடம் தொட்டது. நோரா ஜோன்ஸின் ‘கம் அவே வித் மீ’ 2002 பிப்ரவரியில் வந்தது. முதலிடம் 2003 ஜனவரியில். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-இல் வந்தபோது உச்சிப் பக்கமே போகவில்லை. 2019-இல் அமெரிக்காவில் 50 லட்சத்துக்கான முத்திரை வாங்கிவிட்டது! உச்சியைப் பார்த்து வாங்குகிறவன் இந்தத் தட்டைத் தாண்டிப் போயிருப்பான்.

இன்னொன்று, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பட்டியலில் மேலே போன தட்டு என்றால் நிறைய அச்சடித்த தட்டு. டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ 1961-இல் இரண்டாமிடம், ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’ 1964-இல் இரண்டாமிடம், ஜார்ஜ் பென்சனின் ‘ப்ரீசின்’ 1976-இல் முதலிடம். இந்த மூன்றையும் 40 வெள்ளிக்கு மேல் நான் தொடுவதில்லை. இன்று இல்லாவிட்டால் வேறொரு நாள் கிடைக்கும். (சாக்ஸபோன்காரர் கென்னி ஜியின் சிடி தேடவே வேண்டாம், அதுவே உங்களைத் தேடி வரும்.) முதல் அச்சு என்றால் விலை வேறு. அதற்கு நடு லேபிளையும், பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் போனில் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டை உறையிலிருந்து எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கோடு பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் வைத்துவிடுங்கள். பிடித்திருந்தாலும் ஸ்டிக்கரைப் பற்றி வாய் திறக்காதீர்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. தார்ப்பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் விலை கேட்க வேண்டும்.