பழைய பங்களா வாங்கப் போகிறீர்களா? முதலில் ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள்

கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிறவர்கள், மரங்களுக்குப் பின்னால் ஓட்டுக்கூரையும் அகலமான போர்ட்டிகோவுமாகத் தெரியும் பழைய பங்களாக்களைப் பார்த்து ஒரு நிமிடமாவது நிற்பார்கள். ஆர்.எஸ்.புரத்திலும் பொள்ளாச்சியிலும் அப்படி வீடுகள் இன்னும் இருக்கின்றன. காங்கேயம் பக்கம் போனால் விவசாய நிலங்களுக்கு நடுவே தொட்டிக்கட்டு வீடுகள், அதாவது நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டியவை. இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டாமல், அப்படியே எடுத்துச் சரிசெய்து குடியிருக்க வேண்டும் என்று இப்போது சிலர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டைச் சரிசெய்தபோது பணமும் இரண்டு வருடமும் கொடுத்துக் கற்றுக்கொண்டது இது.

முதலில் வீட்டின் வயது. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது 1934-ல். நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் 1932-ல் வந்த பிறகு மில்கள் வரிசையாகக் கிளம்பின, மில் பணத்தில் பெரிய வீடுகளும் கிளம்பின. அதனால் முப்பதுகளுக்கு முந்தைய வீடு என்றால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு என்றே வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிந்தையதில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்திருக்கும். பார்ப்பது சுலபம். கண்ணில் படாத ஒரு மூலையில் செங்கல் இணைப்பை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்று ஆணி வழுக்கினால் சிமெண்ட். கூரை ஓட்டைத் திருப்பிப் பார்த்து வயது சொல்ல வேண்டாம், சில மங்களூர் ஓடுகளில் 1865 என்று அச்சு இருக்கும், அது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருடம்.

அடுத்தது பத்திரம். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்துதான் வரும், நூறு வருட வீட்டுக்கு அது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு அதற்கு முந்தையதையும் எடுங்கள், மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். எங்கள் பக்கம் பல குடும்பங்களில் பாகம் பிரித்தது வெறும் கூர்ச்சீட்டில்தான் (குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பாகச் சீட்டு) இருக்கும், பதிவாகியிருக்காது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள் என்றால் கூடப்பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் 25-3-1989 அன்று கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு வந்தது, 2005-ல் மத்திய சட்டம் கல்யாணமான பெண்களுக்கும் அதைக் கொடுத்தது. 20-12-2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். இல்லையென்றால் அத்தனை பெண்களின் கையெழுத்தும் வேண்டும். கோவை நகருக்குள் பெரிய தோட்டத்தோடு இருக்கும் பங்களாவுக்கு இன்னொன்றும் உண்டு. 1978-ஆம் வருட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-ல் ரத்தாகிவிட்டது, ஆனால் அதற்குள் உபரி என்று அரசு எடுத்துக்கொண்ட நிலம் அரசுடையதுதான். நகர நில அளவைப் பதிவேட்டில் சர்வே எண் வாரியாகப் பார்த்துவிடுங்கள்.

பத்திரம் சரி என்றால் மழைக்குக் காத்திருங்கள். சித்திரை வெயிலில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசியில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, டார்ச் லைட்டோடு போங்கள். தொட்டிக்கட்டு வீட்டில் நான்கு பக்கக் கூரையும் உள்ளே சரியும், இரண்டு சரிவு சேருகிற மூலைப் பள்ளத்தில் தகரம் போட்டிருப்பார்கள். அந்தத் தகரம் ஓட்டையாகியிருந்தால் தண்ணீர் நேராக மூலைத் தூணின் தலையில் இறங்கும். அட்டாலியில் (பரணில்) ஏறி அந்த மூலை மரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிறகு தொட்டியில் விழும் தண்ணீர் எங்கே போகிறது, பொடக்காளி (புழக்கடை) வழியாக வெளியே ஓடுகிறதா அல்லது அஸ்திவாரத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். கரிசல் மண்ணில் இருக்கும் வீடு என்றால் இது உயிர்ப் பிரச்சனை, அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவர் படிக்கட்டு மாதிரி வெடிக்கும்.

மரத்துக்கு வருகிறேன். உத்திரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து "தேக்கு, இரும்பு மாதிரி இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். கெடுவது நடுவில் இல்லை, சுவருக்குள் போகிற நுனியில். ஒரு ஸ்க்ரூடிரைவரை அங்கே வைத்து அழுத்துங்கள், அரை விரல் இறங்கினால் அந்த மரம் முடிந்தது. செல்லு (கரையான்) ஏறிய மண் கோடு சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாடி மெட்ராஸ் டெரஸ் என்றால், அதாவது மரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் கோணலாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது என்றால், ஒழுகுகிறது என்று அதன்மேல் கான்கிரீட் போட்டுவிடாதீர்கள். அந்தக் கனத்தை மரம் தாங்காது. மேலே பதித்திருக்கும் பழைய தட்டோட்டை (தட்டையான ஓடு) எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மறுபடி தட்டோடு பதிப்பதுதான் வழி.

இப்போது நான் செய்த தப்பு. அப்புச்சி வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு உப்பு பொரிந்துகொண்டே இருந்தது. ஒரு காண்ட்ராக்டர், பேர் வேண்டாம், பழைய பூச்சை உடைத்துவிட்டு சிமெண்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்தார். ஆறு மாதம் பளபளவென்று இருந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால், தலைக்கு மேலே, அதுவரை ஈரமே பார்க்காத இடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் குத்தினேன், உள்ளிருந்து ஈரச் செங்கல் தூள் கொட்டியது. அம்மாயி (அம்மாவின் அம்மா) ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் அந்தத் தூளைக் கூட்டி ஒதுக்கினார்கள். வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். "ஈரத்த உள்ள வெச்சுத் தெச்சுப்போட்டீங்க தம்பி, அது எங்கீங்க போகும், மேலதான ஏறும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து, காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும்.

சிமெண்ட்டை உடைத்தெடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டோம். சுட்ட சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதம் ஊறவைத்தோம். கடுக்காயைத் தட்டி, வெல்லத்தோடு தனியாகப் பத்து நாள் புளிக்கவைத்த தண்ணீரில் கலவை குழைத்தோம், சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டரை. மெல்லிசாக மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நாள் விடவேண்டும், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாக இறுகும், அவசரப்பட்டால் உள்ளே மாவாகவே இருக்கும். வெயில் நேராக அடிக்கும் பக்கம் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுங்கள். தை, மாசியில் ஆரம்பிப்பது நல்லது. மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும்தான், எமல்ஷன் பெயிண்ட் கூடாது.

தரைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு ஆக்சைடு தரை கீறியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தே பாதி மீட்டுவிடலாம், டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். பழைய மர பட்டி ஒயரிங்கை மட்டும் யோசிக்காமல் முழுக்க மாற்றிவிடுங்கள், சுவரைக் குடையாமல் வெளியே பைப்பில் கொண்டுபோகலாம்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள். இறக்கும் கதவு, ஜன்னல், கைமரம் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) எல்லாவற்றிலும் சாக்பீஸில் எண் போடுங்கள், சாக்பீஸ் அழிந்துவிடும் என்பதால் தகரத் துண்டிலும் எழுதி ஆணி அடியுங்கள். உடையாத ஓடுகளைப் பொடக்காளியில் செங்குத்தாக அடுக்கி வையுங்கள், படுக்கவைத்தால் அடியில் இருப்பவை நொறுங்கும். அதே அளவு ஓடு கடையில் கிடைப்பது கஷ்டம், எங்களுக்குக் கடைசியில் நாற்பது ஓடு குறைந்து, பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து வாங்கி வந்தோம்.