குப்பைத்தொட்டியோடு முடிந்துவிடும் கதைகள்: மாணவர்கள் சுற்றுச்சூழல் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டிப் பல பள்ளிகளில் கதைப் போட்டி வைப்பார்கள். பிள்ளைகள் எழுதிய அந்தத் தாள்களைப் படிக்கிற வேலை சில வருடங்களாக எனக்கும் வந்து சேர்கிறது. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. பிள்ளைகளிடம் கற்பனைக்குக் குறைவில்லை, தமிழுக்கும் குறைவில்லை. ஆனால் எதைத் தீர்வு என்று சொல்கிறார்களோ அதை நிஜமாகச் செய்து பார்த்தால் எங்கே இடிக்கும் என்று யோசிக்காமலே கதையை முடித்துவிடுகிறார்கள். கதை இருப்பதே அந்த இடிக்கிற இடத்தில்தான்.

எல்லாத் தாளிலும் வருகிற ஒரு மாமாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் தெருவில் பிளாஸ்டிக் கவரைப் போடுவார், கதாநாயகன் ஓடிப்போய் அதன் தீமைகளை வரிசையாக ஒப்பிப்பான், மாமா கண் கலங்கி "என் கண்ணைத் திறந்துவிட்டாய் தம்பி" என்பார், சாயங்காலத்துக்குள் ஊரே சுத்தமாகிவிடும். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரே பேச்சில் மாறியிருக்கிறார்களா? பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லி அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், அவர் எத்தனை நாள் கேட்டார், எந்த நாளில் மறந்தார், அப்போது உங்களுக்குக் கோபம் வந்ததா, அலுத்துப் போனதா? அதையே எழுதுங்கள். திருந்துகிற மாமாவை யாரும் நம்புவதில்லை, மூன்றாம் நாள் மறந்துபோகிற அப்பாவை எல்லோரும் நம்புவார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஓட்டலில் சாம்பார் வாங்கப் பாத்திரம் கொண்டுபோக வேண்டும் என்பது கருத்து. வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "ரவி நல்ல மாணவன். அவன் பிளாஸ்டிக்கின் தீமையை உணர்ந்து தினமும் பாத்திரம் எடுத்துச் சென்றான். அனைவரும் அவனைப் பாராட்டினர்." இதில் எதுவுமே நடக்கவில்லை.

இதையே வேறு மாதிரி யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தூக்குவாளியைக் கையில் திணிக்கிறார். தெருமுனையில் கூடப் படிக்கிற பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வாளியைப் பார்த்தால் "என்னடா, பால்காரரா?" என்று கேட்பார்கள் என்று ரவிக்குத் தெரியும், அதனால் சுற்றுப்பாதையில் போகிறான். ஓட்டலில் பார்சல் கட்டுகிற அண்ணன் வாளியை வாங்கி அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் வந்தவர்களுக்குக் கட்டி வைத்த பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுக்கிறார், ஏனென்றால் அவருக்கு அதுதான் வேகம். திரும்பி வரும்போது மூடி சரியாக மூடாமல் சாம்பார் காலில் சிந்துகிறது. இவ்வளவையும் தாண்டி அடுத்த ஞாயிறு அவன் வாளியை எடுப்பானா மாட்டானா? இதைக் கேட்கிற பிள்ளைகள் பதில் தெரிந்துகொள்ளக் காத்திருப்பார்கள். பாத்திரம் கொண்டுபோவது நல்லது என்று நீங்கள் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

மஞ்சப்பையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது, அப்புறம் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தருகிற இயந்திரத்தைக் கோயம்பேட்டில் வைத்தார்கள். இந்தத் தகவல்கள் பல தாள்களில் சரியாகவே வருகின்றன. ஆனால் நம் ஊரில் மஞ்சப்பை என்பது ரொம்ப நாளாக ஒரு கேலிச் சொல்லாகவும் இருந்தது என்பதை ஒரு பிள்ளைகூட எழுதி நான் பார்த்ததில்லை. பட்டணத்துக்கு மஞ்சப்பையோடு வந்தவரைப் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். அப்படிச் சிரிப்பை வாங்கிய ஒரு தாத்தாவிடம் இன்றைக்குப் பேத்தி அதே பையைப் பெருமையாக நீட்டினால் அவர் முகம் எப்படி மாறும்? வாங்குவாரா? உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள், பாதிக் கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, மீன் வாங்கப் போகும்போது துணிப்பை உதவாது, டப்பா வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் எழுதியவர் கடைக்குப் போயிருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நான் அதிகம் வருத்தப்படுகிற தவறு. "குப்பையை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான்" என்று கதை முடியும். குப்பைக்கு அங்கேதான் பயணமே தொடங்குகிறது. சென்னையில் பல பத்தாண்டுகளாகக் குப்பை போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு, வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். மழைநீரைத் தாங்கிக்கொள்கிற, பறவைகள் வந்து இறங்குகிற, 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அதே பள்ளிக்கரணை. உங்கள் வீட்டுச் சாம்பார் பாக்கெட் நாமக்கோழி என்கிற நீர்ப்பறவைகளுக்குப் பக்கத்தில் போய்க் கிடக்கலாம் என்று தெரிந்த பிறகு தொட்டியோடு கதையை முடிக்க மனசு வருமா? நீங்கள் வேறு ஊர் என்றால் உங்கள் ஊர்க் குப்பை எங்கே போகிறது என்று காலையில் வருகிற தூய்மைப் பணியாளரிடம் கேளுங்கள். பிரித்துக் கொடுக்காத குப்பையை யார் கையால் பிரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டயப்பரையும் உடைந்த கண்ணாடியையும் காய்கறிக் கழிவோடு ஒரே கவரில் கட்டிக் கொடுத்தால் அதைப் பிரிக்கிறவர் கைக்கு என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்தத் தாளை நான் கீழே வைக்க மாட்டேன்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றி எழுதும்போது 'குப்பைக்காரர்' என்று எழுதாதீர்கள். குப்பை போடுகிறவர்கள் நாம், அவர்கள் எடுக்கிறவர்கள். இதோடு சேர்ந்தது, கதையில் கெட்டவராக எப்போதும் ஏழையையே நிறுத்துவது. கவரில் பூ கட்டித் தருகிற பூக்காரம்மா, கவரில் டீ கட்டித் தருகிற டீக்கடைக்காரர், விறகு எரிக்கிற பாட்டி, இவர்கள்தான் பூமியைக் கெடுக்கிறார்கள் என்று கதை சொன்னால் அது நியாயமில்லை. அந்தப் பூக்காரம்மாவுக்கு வாழை இலை கிடைக்கும் விலை என்ன, கவர் என்ன விலை, ஒரு நாளைக்கு மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். மூன்று ஏசி ஓடுகிற வீட்டையும் ஒரு கதையிலாவது கொண்டு வாருங்கள்.

சீமைக் கருவேலத்தை வில்லனாக வைத்தும் நிறையக் கதைகள் வரும். அது அயல்நாட்டு மரம், ஆழமாக வேர் விட்டு நிலத்தடி நீரைக் குடிக்கும், கண்மாய்களையும் தரிசையும் அடைத்துப் பரவும், இதெல்லாம் சரி. ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எழுதாதீர்கள். ராமநாதபுரம் பக்கம் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. மரத்தை அகற்ற வேண்டும், அந்தக் குடும்பமும் சாப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே கதைக்குள் வைத்துப் பாருங்கள், எவ்வளவு கனம் வந்துவிடுகிறது!

தகவல் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருகின்றன. ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் பூமி சூடாகிறது என்பது தவறு. ஓசோன் வேறு, வெப்பமயமாதல் வேறு. ஓசோனைக் கெடுத்த வேதிப்பொருள்களை நிறுத்த 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன, படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் நாம் எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு. 2004 டிசம்பர் 26 சுனாமி மாசுபாட்டால் வந்ததல்ல, சுமத்ரா அருகே கடலுக்கடியில் வந்த நிலநடுக்கத்தால் வந்தது. செல்பேசிக் கோபுரம்தான் சிட்டுக்குருவிகளை அழித்தது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஓட்டு வீடுகளில் கூடு கட்ட இடம் இருந்தது, முற்றத்தில் தானியம் சிந்தியது, செடிகொடிகளில் குஞ்சுக்கு ஊட்டப் புழு கிடைத்தது, இவை குறைந்துபோனதை எழுதினால் கதையும் உயிரோடு இருக்கும்.

'மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதையும் இதில் சேர்க்க வேண்டும். நீலகிரியின் உயரமான பகுதிகளில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்தேதான் இருக்கும், வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில். பிரிட்டிஷார் காலம் தொட்டு அங்கே வாட்டில், யூகலிப்டஸ் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுப் பெரும் பரப்பில் புல்வெளி அழிந்துபோனது. இப்போது அந்த மரங்களை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். ஆகவே கதையில் மரம் நடுகிறீர்கள் என்றால் எந்த மரம், எந்த மண், மே மாதம் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆடு கடிக்காமல் யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பனைவிதை நடுகிற கதையில் அடுத்த பத்தியிலேயே நுங்கு வெட்டக் கூடாது. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேலாகும். விதை போட்ட பையன் அதற்குள் கல்லூரியும் முடித்து வேலைக்கே போயிருப்பான், அந்தக் காத்திருப்பை எழுதலாமே.

இன்னொரு பழக்கம், கதையைத் தூரத்தில் வைப்பது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு பனிக்கரடியின் கண்ணீரை எழுதுகிறார்கள். பனிக்கரடி மேல் அக்கறை இருக்கட்டும், ஆனால் அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது படத்தில் பார்த்தது மட்டும்தான். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதைச் செய்தியாக எழுதினால் நான்கு வரி. அந்த ஊரில் ஏழு வயசுப் பையன் ஒருத்தன், பக்கத்து ஊர் வாணவேடிக்கையை மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று தொடங்கினால் கதை. அவனுக்கு ஏக்கம் இருக்கும், இருக்கட்டும், அதை மறைத்துவிட்டு உடனே தியாகியாக்கிவிடாதீர்கள்.

சென்னைப் பிள்ளைகளுக்கு 2019 கோடை இருக்கிறது. ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதற்கு நான்கே வருடம் முன்னால், 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. மாநிலம் முழுக்க மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகி 2003 முதல் வீடுவீடாகக் குழி தோண்டியிருக்கிறார்கள். உங்கள் அடுக்குமாடியில் அந்தக் குழி எங்கே இருக்கிறது, கடைசியாக யார் தூர் வாரினார்கள், ஒரு வேளை அதன் மேல் யாருடைய கார் நிற்கிறதா? இந்த மூன்று கேள்வியோடு கீழே இறங்கிப் போனால் ஒரு துப்பறியும் கதையே கையில் கிடைக்கும், அசோசியேஷன் செயலாளர் மாமாவோடு ஒரு வாக்குவாதமும் கிடைக்கும்.

கண்ணால் பார்ப்பதற்கு நான் எப்போதும் சொல்லுகிற உதாரணம் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைப் பள்ளி மாணவியாக இருந்தபோது கவனித்தார், அந்த வண்டிக்கு எத்தனை கரி வேண்டும், அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தார், சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார், 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். பிள்ளைகள் கிளாஸ்கோவிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். நான் கரியிலிருந்து தொடங்கச் சொல்லுவேன். அந்த வண்டியைத் தினமும் எத்தனையோ பேர் கடந்து போனார்கள், ஒருத்தர் மட்டும் நின்று பார்த்தார்.

எண்களை இணையத்திலிருந்து எடுப்பதற்குப் பதில் நீங்களே அளக்கலாம். ஒழுகுகிற குழாய்க்குக் கீழே இரவு ஒரு பாத்திரத்தை வையுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, சுமார் 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் 4 லிட்டருக்கு மேல். 'கோடிக்கணக்கான லிட்டர் வீணாகிறது' என்ற வரியைவிட, காலையில் நிரம்பி வழிகிற உங்கள் வீட்டுப் பாத்திரம் கேட்பவர் மனதில் நிற்கும். அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள், குழாய்க்கு வாஷர் மாற்ற பிளம்பர் எத்தனை நாள் கழித்து வந்தார் என்பதும் கதைக்குள் வரட்டும்.

'நான்தான் பூமித்தாய் பேசுகிறேன்' என்று தொடங்காதீர்கள், அதே தலைப்பில் உங்கள் வகுப்பிலேயே பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். 'நெகிழிப் பயன்பாட்டினைத் தவிர்ப்பது நம் அனைவரின் தலையாய கடமையாகும்' போன்ற வாக்கியங்களை ஆசிரியரோ பெற்றோரோ சேர்க்கச் சொன்னாலும் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள், கருத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று தனியாக ஒதுக்காதீர்கள், பிள்ளைகள் அதற்காகவே கடைசிப் பத்தியில் ஒரு பிரசங்கத்தை ஒட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கிய கதைகளும் இப்போது வருகின்றன, ஆற்றங்கரையில் பட்டாம்பூச்சி பறக்கிற கதைகள். உங்கள் ஊர் ஆற்றில் என்ன நாற்றம் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மேடையில் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். மனப்பாடம் செய்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்லாமல், முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் பாட்டிக்கோ தம்பிக்கோ சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்கிறார்களோ அதை நன்றாக விரித்துச் சொல்லுங்கள், எந்த இடத்தில் டிவி பக்கம் திரும்புகிறார்களோ அந்த வரிகளை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.