35 வருஷம் கழித்தும் காயப் பதக்கம் கேட்கலாம்: எங்கே தொடங்குவது, எதைக் கேட்பது

எங்கள் பெரியப்பாவின் இடது தொடையில் இன்னும் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. 1987 அக்டோபரில், இந்திய அமைதிப்படையில் சிப்பாயாக யாழ்ப்பாணத்தில் இருந்தபோது உள்ளே போனது. நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், ஐப்பசி மழை தொடங்கினால் அவர் நடையே சொல்லிவிடும். ஆனால் அவருடைய மெடல் வரிசையில் அந்தக் காயத்துக்கான மெடல் மட்டும் கிடையாது. பேரன் ஒருநாள் மெடல்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "குண்டு பட்டதுக்கு எது தாத்தா?" என்று கேட்டான். அவர் பேசாமல் பெட்டியை மூடி வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் இந்த வேலையை நான் கையில் எடுத்தேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கமெல்லாம் இவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், எந்த மெடல் என்பதில் தெளிவு வேண்டும். அரசாணையில் அதன் பெயர் பராக்ரம் பதக், பட்டாளத்துக்காரர்கள் பேச்சில் வூண்ட் மெடல். 1973-ல் ஏற்படுத்தப்பட்டது, வெள்ளை ரிப்பனின் நடுவில் சிவப்புப் பட்டை. போரிலோ, கிளர்ச்சியை அடக்கும் நடவடிக்கையிலோ, எதிரியின் நேரடித் தாக்குதலால் காயம் பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. குண்டு, ஷெல் சிதறல், எதிரி புதைத்த கண்ணிவெடி எல்லாம் இதில் வரும். அதே போர்க்களத்தில் இருந்தாலும் ஜீப் கவிழ்ந்தது, பங்கரில் வழுக்கி விழுந்தது, மலேரியா வந்தது இதெல்லாம் வராது. அடிபட்ட வலி ஒன்றுதான் என்றாலும் விதி அப்படி. பொய்யாக ஒரு வரி சேர்த்தால் மொத்தக் கோரிக்கையும் கெட்டுப்போகும், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.

இன்னொன்று, போர்க்காய பென்ஷன் வேறு, இந்த மெடல் வேறு. பென்ஷன் ஆணையில் போர்க்காயம் என்று எழுதியிருந்தால் மெடல் தானாக வந்துவிடாது. ஆனால் அந்த ஆணை உங்களுக்கு நல்ல சாட்சி. எதிரித் தாக்குதலால் வந்த காயம் என்று ராணுவமே ஒருமுறை ஒத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். இலங்கைக்குப் போனவர்கள் விஷயத்தில் எனக்குப் புரிந்த காரணம் இதுதான். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை, "நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்தியா" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களும் உண்டு. தமிழ் பேசுகிற சிப்பாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் யார் போய் மெடல் கேட்பார்கள்? பெரியப்பா கால் ஆறியதும் திரும்ப யூனிட்டுக்குப் போனார், சர்வீஸ் முடித்தார், வந்து நெல் நட்டார். அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

நாங்கள் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவருடைய முழுக் கதையையும் நான்கு பக்கம் எழுதி, மனம் உருகும்படி எழுதி, டெல்லிக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது, உங்கள் ரெக்கார்டு ஆபீஸை, அதாவது ரெஜிமெண்டின் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகத்தை, அணுகவும் என்று. அப்புறம்தான் விளங்கியது, இந்த மெடல் தழும்பைப் பார்த்துக் கொடுக்கிற மெடல் கிடையாது, அன்றைக்கு எழுதப்பட்ட ஒரு காகிதத்தைப் பார்த்துக் கொடுக்கிற மெடல். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

அந்தக் காகிதம் எப்படி உருவாகும் என்றால், ஒருவர் சண்டையில் அடிபட்டதும் அவருடைய யூனிட் உடனே மேலிடத்துக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கும் சிக்னல், அதாவது அவசரச் செய்தி, அனுப்பும். அதில் அவர் பேட்டில் கேஷுவால்டியா, பிசிகல் கேஷுவால்டியா என்று பிரித்திருப்பார்கள். முன்னது எதிரியால் வந்தது, பின்னது விபத்து மாதிரி. பிறகு அது பார்ட் டூ ஆர்டரில் (ஆட்களைப் பற்றிய விவரங்களைப் பதியும் ஆணை) வெளியாகும், அங்கிருந்து ஷீட் ரோலில் (ஒவ்வொருவருக்கும் உள்ள சர்வீஸ் பதிவேடு) ஏறும். இந்த வரிசையில் எங்காவது ஓரிடத்தில் "பேட்டில் கேஷுவால்டி" என்ற சொல்லும், தேதியும், உங்கள் ஆர்மி நம்பரும் சேர்ந்து இருந்துவிட்டால் உங்கள் கோரிக்கைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பது நீங்கள் எந்த ரெஜிமெண்ட் என்பதைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு பெங்களூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் இ.எம்.இ-க்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. இது ஜவான் முதல் சுபேதார் மேஜர் வரைக்கும். அதிகாரிகளின் கோப்பு ரெஜிமெண்டில் இருக்காது, டெல்லி ராணுவத் தலைமையகத்தில் இருக்கும். கடற்படை என்றால் மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் பீரோ, விமானப்படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க்.

இப்போது டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். மெடல்கள் எழுதிய பக்கத்தை முதலில் பாருங்கள். சிலருக்கு அதிலேயே வூண்ட் மெடல் என்று எழுதியிருக்கும், பொருள்தான் கைக்கு வந்திருக்காது. அப்படியிருந்தால் இனி நிரூபிக்க ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்தின் நகலை வைத்து மெடலை அனுப்பச் சொல்லி எழுதினால் போதும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, அதாவது ஆர்.டி.ஐ போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆன்லைனிலும் போடலாம், போஸ்டல் ஆர்டர் வைத்துத் தபாலிலும் போடலாம். சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப், அசாம் ரைஃபிள்ஸ்காரர்களுக்கு மட்டும் இந்த வழி சரிவராது. அந்தப் படைகள் ஆர்.டி.ஐ சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது விலக்கு பெற்ற அமைப்புகளின் பட்டியலில் இருக்கின்றன, நேரடியாகத் தங்கள் தலைமையகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

ஆர்.டி.ஐ-யில் கதை வேண்டாம், "ஏன் கொடுக்கவில்லை" என்ற கேள்வியும் வேண்டாம். இருக்கிற காகிதத்தின் நகலை மட்டும் கேளுங்கள். நாங்கள் கடைசியாகக் கேட்டது இப்படி:

"ஆர்மி நம்பர் இன்னது, பெயர் இன்னது, பட்டாலியன் இன்னது. எனக்கு இன்ன தேதியில் ஏற்பட்ட காயம் தொடர்பாக வெளியான பார்ட் டூ ஆர்டரின் நகல், என் ஷீட் ரோலின் முழு நகல், கேஷுவால்டி சிக்னலின் நகல், காய அறிக்கை மற்றும் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகல், எனக்கு உரியதாகப் பதிவாகியுள்ள மெடல்களின் பட்டியல், இவற்றைத் தரவும்."

இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். ஆபரேஷன் எப்படி நடந்தது, எத்தனை பேர் போனார்கள் என்பதையெல்லாம் கேட்டால் நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் காட்டி மறுக்க இடம் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். உங்களைப் பற்றிய பதிவை மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

பெரியப்பாவுக்கு பார்ட் டூ ஆர்டரின் நகல் வந்தது. மங்கலான ஜெராக்ஸ், நம்பரில் கடைசி எழுத்து சரியாகத் தெரியவில்லை, ஆனால் அந்த வரி இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

எல்லோருக்கும் அப்படி வந்துவிடாது. "ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டன" என்று பதில் வரலாம். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழிக்க விதி இடம் கொடுக்கிறது. அப்போதும் லாங் ரோல் என்ற ஆள் பட்டியல் பதிவேடு நிரந்தரமாக இருக்கும், அதன் நகலைக் கேளுங்கள். அதில் காயம் பற்றி விரிவாக இருக்காது, ஆனால் நீங்கள் அந்தப் படையில் இருந்தீர்கள் என்பது உறுதியாகும், மற்ற சாட்சிகளை அதன் மேல் கட்டலாம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு வேறொரு சிக்கல், காகிதம் வீட்டிலேயே போய்விட்டது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர்க்காரன் வீட்டில் எத்தனை முறைதான் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் புக் போய்விட்டால் பயப்படாதீர்கள், ஆனால் மெடல் கேட்பதற்கு முன் அதை முதலில் சரிசெய்யுங்கள். காவல் நிலையத்தில் தொலைந்ததற்கான சான்று வாங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அங்கேயே முப்படையினர் நலத்துறை இருக்கிறது. ஆர்மி நம்பர் மறந்துபோயிருந்தால் பென்ஷன் ஆணையில் இருக்கும், ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுக்குள் தேடுங்கள், நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்வது இதைத்தான். காயம் பட்ட செய்தி அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தந்தியாக வந்தது. எங்கள் ஆயா அந்தத் தந்தியை ரேஷன் கார்டு கவரில் மடித்து வைத்திருந்தது, ஆயா இறந்து பத்து வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது. தேதி முத்திரையோடு இருக்கிற அந்த ஒரு துண்டு, இப்போது எழுதுகிற பத்து வாக்குமூலத்துக்குச் சமம். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிய இன்லண்ட் லெட்டர், கட்டுப்போட்ட காலோடு வார்டில் எடுத்த படம், அதன் பின்பக்கம் எழுதிய தேதி எல்லாமே உதவும்.

உடம்புக்குள் இருப்பதும் சாட்சிதான். கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ எக்ஸ்ரே எடுத்து, உள்ளே உலோகத் துண்டு இருப்பதாக டாக்டர் எழுதிய அறிக்கையை வாங்குங்கள். இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. உடம்பில் சிதறல் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ எடுக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தக் காந்தம் இரும்பை இழுத்து உள்ளே கிழித்துவிடக்கூடும். மெடல் வாங்குகிறோமோ இல்லையோ, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் கூட இருந்தவர்கள். அதே செக்‌ஷனில், அதே பிளட்டூனில் இருந்தவர் ஒருவர் நோட்டரி முன் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் பெரிய பலம். "இவர் வீரமாகப் போரிட்டார்" என்று எழுதுவதில் பயனில்லை. அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், எந்த கம்பெனி, அன்று எங்கே நின்றார், என்ன வெடித்தது, யார் தூக்கினார்கள், எதில் ஏற்றி அனுப்பினார்கள் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இவர்களைக் கண்டுபிடிக்க ராணுவ கேண்டீன் வரிசையும், பட்டாலியன் வாட்ஸ்அப் குழுவும்தான் நல்ல இடம். பெரியப்பாவைத் தோளில் தூக்கி வந்தவர் விழுப்புரம் பக்கம் இருக்கிறார் என்று கேண்டீனில்தான் தெரிந்தது, போன் போட்டதும் பெயர் சொல்வதற்கு முன்பே நம்பரைச் சொன்னார். இவர்களெல்லாம் எழுபதைத் தொடுகிறார்கள், கடந்தும் விட்டார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாம் சேர்ந்த பிறகு மெடலுக்கான விண்ணப்பம் ஒரே பக்கம் இருந்தால் போதும். யார், எந்த யூனிட், எந்தத் தேதி, எந்த இடம், எந்த ஆபரேஷன், என்ன காயம், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆதாரம் இணைப்பில் இருக்கிறது, எது வேண்டும். ரெக்கார்டு ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒரு நகலை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில் பிசிகல் கேஷுவால்டி என்று இருந்தால் நேராக மெடல் கேட்காதீர்கள், அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லித்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்குத்தான் தந்தியும் பிரமாணப் பத்திரமும்.

மறுத்து ஆணை வந்தாலோ ஆறு மாதமாகப் பதிலே இல்லாவிட்டாலோ சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, புதுச்சேரிக்கும் அதுதான். அங்கேயும் காலக்கெடு உண்டு, ஆறு மாதம். தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம் என்றாலும், கையில் வந்த மறுப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வக்கீலைப் பார்க்கும்போது ஆர்.டி.ஐ பதில்களைத் தேதி வரிசையில் கொண்டு போங்கள்.

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களும், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களும், இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவிலோ அல்ஜீரியாவிலோ காயம்பட்டவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, அவர்களுக்கு பிரெஞ்சு அரசின் போர்க்காய மெடல் தனி. அவர்களுடைய சர்வீஸ் கோப்பு பிரான்ஸில் போ நகரத்திலும், ஆஸ்பத்திரிப் பதிவு லிமோஜிலும் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் தொடங்க வேண்டும்.

மெடல் வராமலே கடையில் வாங்கிக் குத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரியப்பாவிடமும் சொன்னார்கள். "அது என் பேர்ல வரணும்" என்றார். இப்போது அவருடைய விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது. கோப்பின் அட்டையில் ஆர்மி நம்பரைப் பெரிதாக எழுதி, ஒவ்வொரு ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் உள்ளே ஒட்டி, பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். எது எங்கே இருக்கிறது, அடுத்து எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்பதைப் பெரியம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தண்ணீர் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கோப்பு என்பதையும்.