பழைய சமையலறையில் புதுப் பொருள்கள்: ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்த்து வாங்கும் முறை

நல்ல சிங்க்காகப் பார்த்து வாங்கியிருப்பார்கள், நல்ல குழாயாகவும் வாங்கியிருப்பார்கள். மாட்டித் திறந்தால் தண்ணீர் சிங்க்கின் பின்விளிம்பில் விழுந்து சுவரெல்லாம் தெறிக்கும். பிளம்பர், கிரானைட்காரர், கார்ப்பென்டர், எலக்ட்ரீஷியன் நால்வரும் வெவ்வேறு நாளில் வந்து போகிறார்கள். ஒருவர் எடுத்த அளவு அடுத்தவருக்குத் தெரியாது. அதனால் எல்லா அளவையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கும் வேலை வீட்டுக்காரருடையது.

சிங்க், குழாய், அடுப்பு (ஹாப்), சிம்னி ஆகிய நான்கும் பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே சுவரைக் கொத்த வேண்டும். கேட்லாக் அளவை வைத்து கிரானைட் வெட்டச் சொல்லாதீர்கள். "75 செ.மீ. ஹாப்" என்பது மேலே தெரியும் கண்ணாடியின் அகலம்தான். கல்லில் வெட்ட வேண்டிய அளவு மாடலுக்கு மாடல் மாறும். பெட்டிக்குள் வரும் அட்டை டெம்ப்ளேட்டை வைத்துத்தான் வெட்ட வேண்டும். கல்வெட்டுபவரிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள்: திறப்பின் நான்கு மூலைகளும் வளைவாக இருக்க வேண்டும். நறுக்கென்று சதுர மூலையாக வெட்டினால், அந்த மூலையிலிருந்துதான் கல்லில் விரிசல் ஓடும்.

சிங்க்கும் மேடையும்

நம் வீட்டு மேடை பெரும்பாலும் 24 இன்ச் அகலம், 32 முதல் 34 இன்ச் உயரம். அதில் 18 இன்ச் அகல சிங்க் வைத்தால் முன்னால் இரண்டரை, பின்னால் மூன்றரை இன்ச் கல் மிஞ்சும். கல்லில் துளையிட்டு மாட்டும் குழாய்க்கு அந்த மூன்றரை போதும், ஆனால் கைப்பிடி பக்கவாட்டில் இருக்கும் மாடலாகப் பாருங்கள். பின்பக்கம் சாயும் கைப்பிடி டைல்ஸில் போய் இடிக்கும், முழுதாகத் திறக்காது. 20 இன்ச் அகல சிங்க் வாங்கினால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு இன்ச்தான் கிடைக்கும். அங்கே சுவரில் மாட்டும் குழாய்தான் வசதி. சிங்க் ஜன்னலுக்குக் கீழே இருந்தால் சுவர்க்குழாய்க்கு இடம் கிடையாது. அப்போது ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கிறதா, திறந்தால் குழாயின் கழுத்தில் தட்டுமா என்று முதலில் பாருங்கள்.

ஐந்து லிட்டர் குக்கரும் இட்லிப் பானையும் கழுவும் வீட்டுக்கு 9 இன்ச் ஆழம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடையில் காந்தம் வைத்துக் காட்டுவதில் பயனில்லை. 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்தால் 202 சிங்க்கில் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும்.

பலரும் சறுக்குவது கழிவு நீர் மட்டத்தில்

ஆழமான சிங்க்கை வாங்கிவிட்டு, சுவரிலிருக்கும் பழைய கழிவுக் குழாயின் உயரத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். புதுப்பிக்கும் வேலைகளில் இதைவிட அதிகம் தொல்லை தருவது வேறில்லை. கணக்கு இப்படி: மேடை 33 இன்ச். கல்லுக்கு அடியில் மாட்டும் 9 இன்ச் தொட்டி என்றால் அதன் அடி தரையிலிருந்து சுமார் 23 இன்ச்சில் நிற்கும். சிங்க்கின் துளையில் மாட்டும், வடிகட்டிக் கூடை வைத்த வேஸ்ட் கப்ளிங் இன்னொரு 3 இன்ச் கீழே இறங்கும், ஆக 20. சாக்கடை வாடை மேலே வராமல் கொஞ்சம் நீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் ட்ராப்பின் வெளிவாய் அதற்கும் 3, 4 இன்ச் கீழே இருக்கும், ஆக 16 அல்லது 17. அங்கிருந்து சுவருக்குள் போகும்போது அடிக்கு 2 நூல் (கால் இன்ச்) சரிவும் வேண்டும். எனவே சுவர்த் துளையின் மையம் தரையிலிருந்து 15 இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது.

பழைய 6 இன்ச் சிங்க்குக்கு 20 இன்ச் உயரத்தில் வைத்த துளை, புது சிங்க்குக்கு மேட்டில் நிற்கும். மாட்டும் நாளில் பிளம்பர் நெளிவுக் குழாயை மேல்நோக்கி வளைத்துச் சொருகி முடித்துவிடுவார். அன்று தண்ணீர் போகத்தான் செய்யும். நாளாக நாளாக எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் அந்தப் பள்ளத்தில் தங்கி வாடை அடிக்கும், பிறகு தொட்டியே நிரம்பி நிற்கும். சுவர் திறந்திருக்கும்போதே துளையை இறக்கிவிடுங்கள். முடியாத இடமென்றால் ஆழம் குறைந்த சிங்க் வாங்குவதுதான் சரி.

அளவுகளையும் பாருங்கள். வாஷ்பேசினுக்கு 32 மி.மீ. (ஒன்றேகால் இன்ச்), சமையலறைக்கு 40 மி.மீ. (ஒன்றரை இன்ச்). கடையில் "பாட்டில் ட்ராப்" என்று மட்டும் கேட்டால் பேசினுக்கானதைக் கொடுத்துவிடுவார்கள். சுவருக்குள் போகும் குழாய் 2 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. ஒன்றரை இன்ச் குழாய் 2 இன்ச்சுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் காலர் போடுங்கள். துணியும் சிமென்ட்டும் வைத்து அடைத்தால் அந்த இடுக்கில் கரப்பான் குடியேறும். தரையில் ஏற்கெனவே நீர் நிற்கும் ட்ராப் இருந்து, சிங்க் குழாய் அதில்தான் விழுகிறது என்றால், சிங்க்குக்கு அடியில் இன்னொரு பாட்டில் ட்ராப் வேண்டாம். ஒரே வழியில் இரண்டு ட்ராப் இருந்தால் இடையில் காற்று சிக்கி, தண்ணீர் களக் களக்கென்று மெதுவாக இறங்கும்.

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால், பக்கவாட்டில் முனை வைத்த கப்ளிங்கை இப்போதே போட்டுவிடுங்கள். மெஷினின் கழிவு ஹோஸ் மேடைக்கு அடியில் உயரமாக ஒரு வளைவு போட்டு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பும்.

குழாயின் நீளமும் தண்ணீரின் வேகமும்

மேலே சொன்ன மேடையில் சிங்க்கின் மையம் சுவரிலிருந்து பன்னிரண்டரை இன்ச். சுவர்க்குழாயின் மூக்கு 9 இன்ச்சாவது நீள வேண்டும். 6 இன்ச் மூக்கு என்றால் தண்ணீர் தொட்டியின் பின்சுவரை ஒட்டி விழும். உயரம் மேடையிலிருந்து 8 முதல் 10 இன்ச் இருந்தால் ஒரு குடத்தைத் தொட்டிக்குள் நேராக நிறுத்திப் பிடிக்கலாம்.

இழுத்து வளைக்கும் ஸ்ப்ரே குழாய்களைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் மொட்டைமாடித் தொட்டியைப் பாருங்கள். தொட்டியின் அடிமட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே உள்ள 10 அடி உயரம் சுமார் 0.3 பார் அழுத்தம் தரும். ஒரு பார் வேண்டுமென்றால் 33 அடி வேண்டும். தரைத்தள வீட்டில் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது கால் பார்தான். ஸ்ப்ரே குழாய்கள் பலவற்றின் பெட்டியில் குறைந்தது 0.5 அல்லது 1 பார் என்று அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாத வீட்டில் நூல் போல ஒழுகும். ஒன்று பிரஷர் பம்ப் வையுங்கள், இல்லையென்றால் கால்வாசி திருப்பினால் முழுதாகத் திறக்கும் சாதாரணக் குழாயே வாங்குங்கள். அடுக்குமாடியில் மேல் தளத்தில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

சுவருக்குள் நிற்கும் பித்தளை எல்போ (குழாயை முறுக்கி மாட்டும் வளைவு) டைல்ஸின் முகத்தோடு சமமாக வர வேண்டும். பூச்சு 12 மி.மீ., ஒட்டும் பசை 3 முதல் 6, டைல்ஸ் 8 என்று கூட்டிப் பார்த்து, செங்கல் முகத்திலிருந்து அத்தனை தூரம் வெளியே நீட்டி வைக்கச் சொல்லுங்கள். பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் எல்போ இன்னும் உள்ளே போய்விடும். அப்போது நீளத்தைக் கூட்டும் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டுத்தான் ஆக வேண்டும். அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு இன்ச்சில் கிடைக்கிறது. தேவையான நீளத்தில் ஒன்றே ஒன்று போடுங்கள். இரண்டு சின்ன நிப்பிளைச் சேர்த்துப் போட்டால் சுவருக்குள் கசியும் இடமும் இரண்டாகும்.

குழாய் ரகங்களைக் கலக்கும்போது கவனம் வேண்டும். சுடுதண்ணீரும் தாங்கும் சிபிவிசி, பச்சைத் தண்ணீருக்கான யுபிவிசி இரண்டும் பிளாஸ்டிக் குழாய்கள்தான். அரை இன்ச் சிபிவிசியின் வெளி விட்டம் 15.9 மி.மீ.; அரை இன்ச் யுபிவிசிக்கு 21.3 மி.மீ. இரண்டும் அரை இன்ச் என்றே விற்கும், ஒன்றுக்குள் ஒன்று சேராது. ஒட்டும் சொல்யூஷனும் வேறு. இரண்டையும் இணைக்க இடையில் பித்தளை மரை வைத்த அடாப்டர் போடுங்கள். இரும்பு நிப்பிளை வெறும் பிளாஸ்டிக் மரைக்குள் முறுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சுவருக்குள் இன்னும் இருந்தால், புதுக் குழாய் மாட்டும் முன் லைனைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீரை வெளியே விடுங்கள். அந்தத் துரு குழாயின் செராமிக் தகட்டில் போய் உட்கார்ந்தால் முதல் வாரமே சொட்டும்.

சிங்க்குக்கு அடியில் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வு ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக வேண்டும். ஆர்.ஓ. மெஷினுக்குப் போவது கால் இன்ச் டியூப், பாத்திரம் கழுவும் மெஷினின் ஹோஸ் முக்கால் இன்ச் மரை. இரண்டு வாய் உள்ள ஆங்கிள் வால்வு வாங்கும்போது இரண்டாவது வாய் எந்த அளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுப்பு, சிலிண்டர், சிம்னி

நான்கு பர்னர் 60 செ.மீ. ஹாப் கடையில் அழகாகத் தெரியும். 12 இன்ச் தோசைக்கல்லை ஒன்றில் வைத்தால் பக்கத்துப் பர்னர் பாதி மறைந்துவிடும். நம் பாத்திரங்களுக்கு மூன்று பர்னர் 75 செ.மீ. ஹாப் கைக்கு நன்றாக இருக்கும். சிலிண்டர் கேஸுக்கும் குழாய் வழி வரும் கேஸுக்கும் ஜெட் (பர்னருக்குள் கேஸை விடும் சிறு துளை முனை) வேறு. சிலிண்டர் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார், குழாய் கேஸ் 21 மில்லிபார். உங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வரப்போகிறதென்றால் மாற்று ஜெட் கிடைக்கும் மாடலாக வாங்குங்கள். ஜெட்டை மாற்றாமல் இணைப்பை மட்டும் மாற்றுவது ஆபத்து.

14.2 கிலோ சிலிண்டரின் விட்டம் சுமார் 32 செ.மீ., உயரம் 63 செ.மீ. ரெகுலேட்டருக்கும் கை நுழையவும் சேர்த்து மேடைக்கு அடியில் அது நிற்கும் தடுப்பில் 75 செ.மீ. உயரம் வேண்டும், கதவுத் திறப்பு 40 செ.மீ. இருக்க வேண்டும். 33 இன்ச் மேடையின் கீழ் அடிப்பலகை போட்டுத் தூக்கினால் இந்த உயரம் கிடைக்காது. அந்த ஒரு தடுப்பில் மட்டும் சிலிண்டர் தரையிலேயே நிற்கட்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே கதவின் காற்றோட்டத் துளைகள் தரையை ஒட்டி இருக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவருக்குள்ளோ டிராயருக்குப் பின்னாலோ மறைத்து ஓட்டவும் கூடாது, ஐந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும். ஹாப்புக்கு நேர் கீழே கரண்டி டிராயர் வைப்பதைத் தவிருங்கள். ஹாப்பின் அடிப்பெட்டியும் ஹோஸ் வளைவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

75 செ.மீ. ஹாப்புக்கு 90 செ.மீ. சிம்னி. ஹாப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் மாட்டலாம். நம் வீடுகளில் 7 அடியில் கான்கிரீட் பரண் இருப்பதால் சிம்னியின் அடியிலிருந்து பரண் வரை ஏறக்குறைய இரண்டடிதான் மிஞ்சும். மூடி உள்பட சிம்னியின் உயரத்தை அந்த இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகைக் குழாய் 6 இன்ச்சாகவே வெளியே போக வேண்டும். சுவரில் பழைய 4 இன்ச் துளை இருக்கிறதே என்று அதில் சுருக்கிச் சொருகினால் சத்தம் கூடும், இழுப்பு குறையும், தாளிக்கும் புகை அறையிலேயே சுற்றும்.

ப்ளக் பாயின்ட்

2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாவற்றுக்கும் 16 ஆம்பியர் சாக்கெட், போர்டிலிருந்து தனி 4 சதுர மி.மீ. ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) என்று கேளுங்கள். மிக்சி, கிரைண்டர், சிம்னிக்கு 6 ஆம்பியர் போதும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத சமையலறையில் வேறெந்தச் செலவையும் குறைத்தாவது அதைப் போடுங்கள். சுவிட்ச், ப்ளேட் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்றின் சுவிட்ச் இன்னொன்றின் ப்ளேட்டில் பெரும்பாலும் உட்காராது.

கூடை, சேனல், கீல்

கடப்பா கல்லோ செங்கல்லோ வைத்துத் தடுத்த பழைய மேடையில் இழுத்து மூடும் கம்பிக் கூடை மாட்டுவதுதான் நம் ஊரில் அதிகம். 19 இன்ச் கூடை 19 இன்ச் இடைவெளியில் போகாது. கூடை ஓடும் தண்டவாளமான சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ. வீதம் 26 மி.மீ. சேர்த்து, உள் அகலம் 20 இன்ச்சுக்கு மேல் வேண்டும். தடுப்பு தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது என்பதால் மேல், நடு, கீழ், முன், பின் என அளந்து, அவற்றில் சிறியதை வைத்துக் கூடை வாங்குங்கள். மிச்ச இடத்தை மரப்பட்டி வைத்துச் சமன் செய்து, அந்தப் பட்டியில் சேனலை அடிக்க வேண்டும். கல்லில் நேராக அடித்த சேனல் வளைந்துகொண்டு பாதியில் சிக்கும். கீல் 35 மி.மீ. கிண்ணம் வைத்ததுதான். ஆனால் கதவு தடுப்பை முழுதாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அடங்குகிறதா என்பதைப் பொறுத்து அதன் வளைவு மாறும். ஒரே தடுப்பில் இருபக்கமும் கதவு வந்தால் அங்கே பாதி மூடும் ரகம் வேண்டும். உள்ளே கூடு விட்ட பிவிசி பலகையில் கீலின் ஸ்குரூ நிற்காது.

எல்லாம் மாட்டியதும், கல்லுக்கு அடியில் ஒட்டிய சிங்க்கின் சிலிக்கானை 24 மணி நேரம் காய விடுங்கள். பிறகு தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, அடைப்பை ஒரே வீச்சில் திறந்துவிட்டு, கீழே ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடத் தாளில் தெரியும். பிளம்பர் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.