வயித்துல ஆபரேஷன் ஆனவங்க கூட தங்குறீங்களா? வலி குறைய நீங்க செய்யக்கூடியது

சிசேரியன், ஹெர்னியா, பித்தப்பைன்னு எதுவா இருந்தாலும் சரி, கூட இருக்கிறவங்க கையில நிறைய இருக்கு. ஆனா டாக்டர் எழுதின வலி மாத்திரைய நிறுத்திட்டு இதெல்லாம் பண்ணாதீங்க, மாத்திரையோட சேத்துதான். பயந்தா உடம்பு இறுகும், இறுகினா தையல் இழுக்கும், வலி கூடும், அதுல இன்னும் பயம் வரும், இந்தச் சங்கிலிய எங்கயாவது ஒரு இடத்துல அறுக்கணும், அவ்ளோதான்.

முதல்ல இருமல். தையல் பிரிஞ்சிடும்னு பயந்து நிறைய பேர் அடக்கிக்கிறாங்க, சளி உள்ளயே தங்கி நெஞ்சுல இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். ஒரு தலகாணிய மடிச்சு தையல் மேல வச்சு ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சு, முட்டிய மடக்கிட்டு இரும சொல்லுங்க, வலி நல்லாவே குறையும். சிரிப்பு, தும்மலுக்கும் இதேதான்.

மூணு பந்து இருக்கிற ஸ்பைரோமீட்டர்னு ஒரு மூச்சுப் பயிற்சிக் கருவி குடுத்திருப்பாங்க, அதை ஊதக்கூடாது, உறிஞ்சணும்! மெதுவா உறிஞ்சி, ரெண்டு மூணு செகண்ட் மூச்சைப் பிடிச்சு, அப்புறம் வாயிலேந்து எடுத்துட்டு விடணும்.

எந்திரிக்கும்போது நேரா தூக்கி உக்கார வைக்காதீங்க ப்ளீஸ். முட்டிய மடக்கி, ஒருக்களிச்சுப் படுத்து, காலைக் கீழ தொங்கவிட்டு, கைய ஊன்றி எந்திரிக்கணும், வயித்துக்கு வேலையே இருக்காது. முதல் தடவை நர்ஸ் கூட இருக்கட்டும், தலை சுத்தும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்ச நேரமா பாத்து நடக்க வச்சா சுலபம், கேஸ் பிரியும், கால்ல ரத்தம் கட்டுற ஆபத்தும் குறையும்.

அப்புறம் பாட்டு. இதை சும்மா சொல்லல, 2015ல லான்செட் மருத்துவ இதழ்ல 73 ஆய்வுகள சேத்துப் பாத்து, பாட்டு கேட்டவங்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் பதட்டமும் குறைஞ்சுதுன்னு எழுதினாங்க, வலி மருந்தும் கம்மியாத்தான் தேவைப்பட்டுச்சாம். உங்களுக்குப் பிடிச்சத இல்ல, அவங்க கேக்குறத போடுங்க, இளையராஜாவோ பக்திப் பாட்டோ, இயர்போன்ல கம்மி சவுண்டுல.

முடிஞ்சா ஜன்னல் பக்கம் பெட் கேளுங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியால பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள வச்சு ரோஜர் உல்ரிச்ங்கிற ஆராய்ச்சியாளர் 1984ல எழுதினாரு, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்சவங்களவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியா எடுத்தாங்க.

"எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு"ன்னு ஆரம்பிக்கிற சொந்தக்காரங்கள வெளிய கூட்டிட்டுப் போய் காபி வாங்கிக் குடுங்க, நோயாளி தூங்கட்டும்.

வலி திடீர்னு கூடினாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, தையல்ல சீழ் வந்தாலோ உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எழுப்பத் தயங்காதீங்க.